படத்தில் இல்லாத தம்பி

முதலில் நான் கட்டியதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் மேரு சாலையில் மூன்று மாடிக் கடை. ஸ்ரீ கெம்பாங்கானில் இரும்புப் பட்டறை, அதில் இன்றைக்கும் பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். பெட்டாலிங் ஜெயா பக்கம் காரில் போகும்போது வீட்டு வாசல்களைப் பாருங்கள். நடுவில் இரும்புத் தாமரை வைத்த கேட் கண்ணில் பட்டால் அது என் கைவேலை, சந்தேகமே வேண்டாம். ஒரு கோயிலுக்கு இரண்டு ஆள் உயரத்தில் கதவு போட்டிருக்கிறேன். குழந்தை ஒரு விரலால் தள்ளினால் நகரும். நாலு பிள்ளைகள், நாலு பட்டம். ஒரு வங்கியில் என்னை வாசல் பெஞ்சியிலேயே அரை நாள் உட்கார வைத்தார்கள். பத்து வருடம் கழித்து அந்த வங்கிக்குக் கிரில் போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? இவ்வளவையும் ரிமூவ் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருவன் செய்தான். யாரும் தூக்கிவிடவில்லை.

நம் ரயில்வே கேங் வீட்டுப் பிள்ளைகளின் ஒன்றுகூடல் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டீர்கள். தண்டவாளத்து ஓரத்தில் என்னோடு பிறந்து வளர்ந்தவர்கள் நீங்கள். உங்களிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மலர் உங்கள் பிள்ளைகள் கைக்கும் போகும் என்பதால் கொஞ்சம் விளக்கியே எழுதுகிறேன்.

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன அரங்கில் என் அக்கா மகள் எடுத்த படத்தைப் போட்டார்கள். இன்னும் வெளியே விடவில்லை. குடும்பத்துக்கும் வேலை செய்தவர்களுக்கும் காட்டி, குறைநிறை கேட்டுக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடப் படம். ஐந்தாம் பாரம், அதாவது பதினோராம் வகுப்பு, படிக்கிற ஒரு பெண், ரயில்வே கூலி வேலை செய்கிற அப்பா, பரீட்சை. யாருடைய கதை என்று சொல்லத் தேவையில்லை. என் அக்காவின் கதை. நன்றாகத்தான் எடுத்திருக்கிறாள். அக்காவாக நடித்த பெண் சடையைப் பின்னால் தள்ளிவிடும் விதம் அச்சு அசல் அக்காதான்.

கடைசியில்தான் கோளாறு. படத்தில் அப்பா பெல்ட்டோடு வாசலை மறித்து நிற்கிறார். அந்தப் பெண் அவர் சட்டைப் பையிலிருந்து தன் ஐசியை, அடையாள அட்டையை, திருடிக்கொண்டு பின்பக்கமாக வெளியேறுகிறாள். ஊரெல்லாம் வெள்ளம். தன்னந்தனியாகத் தண்டவாளத்தில் நடக்கிறாள், ஓடுகிறாள், விழுகிறாள், எழுகிறாள். பரீட்சை மண்டபத்துக் கதவு திறக்கிறது. சொட்டச் சொட்ட உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றுகிறாள். ஒரு சிரிப்பு. படம் முடிந்தது. அரங்கமே கை தட்டுகிறது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"நான் எங்கம்மா இதுல?"

"மாமா, உக்காருங்க மாமா. டைட்டில் ஓடுது."

"டைட்டில்லயும் காணோமே. உங்கம்மாவுக்குத் தம்பியே இல்லையா?"

முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் என்னை வெளியே அழைத்துப் போய், கையில் ஒரு கோப்பை டே தாரேக் டீயைக் கொடுத்தாள்.

"படத்துல நீங்க வந்தா டிராலி வரும் மாமா. டிராலி வந்தா அதைத் தள்ள நாலு ஆம்பளைங்க வருவாங்க. அப்புறம் அது அவ ஜெயிச்சதா ஆகாது லா."

"உக்காந்து போனா ஜெயிச்சது இல்லையா? பரீட்சையை நாங்களா எழுதினோம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னாள். "சரி, உண்மையச் சொல்றேன். எழுதும்போது தம்பி இருந்தான் மாமா. அம்மாதான் எடுத்துடுன்னாங்க. ஏன்னு கேட்டேன். சொல்லல."

ஏன் என்று எனக்குத் தெரியும்.

தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போன அந்த டிராலிக் கதையை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பார்க்காமல் நான் சொல்லியிருக்கிறேன். அக்காவைப் பரீட்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான் என்று மார் தட்டியிருக்கிறேன். அதற்கு ஒரு முன்பாதி உண்டு. அதைச் சொன்னதில்லை, கட்டிய மனைவியிடம்கூட. இப்போது எழுதுகிறேன்.

எனக்குப் பதின்மூன்று வயது. கிள்ளானுக்கும் பாடாங் ஜாவாவுக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி ஆறு பலகை வீடுகள். பாதையைப் பராமரிக்கிற கூலிகளின் குடும்பங்கள் அவற்றில் இருந்தன. கேங் வீடு என்போம். வண்டி போகும்போது அலமாரியில் இருக்கிற கோப்பைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற சிலிப்பர் கட்டைக்குப் பூசுகிற தார் எண்ணெய் வாடை அப்பாவின் சட்டையில், தலையணையில், சோற்றில்கூட இருக்கும். இன்றைக்குப் பட்டறையில் எவனாவது தார் டின்னைத் திறந்தால் நான் திரும்பிப் பார்ப்பேன், அப்பா வந்துவிட்டார் என்று.

அக்கா கிள்ளானில் பெண்கள் பள்ளியில் ஐந்தாம் பாரம். வெள்ளைச் சட்டை, நீலப் பினாஃபோர். காலணிக்குச் சுண்ணாம்பு பூசி வெயிலில் வைப்பாள், கோழி மிதிக்காமல் காவல் இருக்க வேண்டியது என் வேலை. நான் ரிமூவ் வகுப்பு. இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன்: தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவர்கள் நேராக முதலாம் பாரத்துக்குப் போக முடியாது. மலாயும் ஆங்கிலமும் படிக்க ஒரு வருடம் தனியாக உட்கார வேண்டும். அதுதான் ரிமூவ். பெயருக்கு உயர்நிலைப் பள்ளி. நான் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். என்ன வாசித்தேன் என்று கேட்டால் விழிப்பேன்.

ஆனால் கேங்கில் எனக்கு வேறு மரியாதை. அங்கே யாருக்கும் மலாயும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. மருந்துப் புட்டியில் ஒட்டியிருப்பது, சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ், எதுவாக இருந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். அக்காவைக் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பாள். வேலை செய்கிற ஆண்கள் நடுவே வயசுப் பெண்ணைக் கூப்பிட முடியுமா? அப்பா என்னை 'எங்க வீட்டு வக்கீலு' என்பார். பாதி எனக்குப் புரியும், மீதியை நானே சொல்லிவிடுவேன். ஒரு நாளைக்கு மூன்று கரண்டி மருந்து என்று நான் சொல்லி, ஒருவருக்கு இருமலும் நின்றுபோனது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. மதியம் அப்பாவுக்குத் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுபோனேன். வழியில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தி ஒரு கடிதம் கொடுத்தார். அக்கா பள்ளியின் முத்திரை.

பாதையோரத்துத் தகரக் கொட்டகையில் அப்பா, மண்டோர், இன்னும் மூன்று பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மண்டோர் என்றால் கேங்குக்குத் தலைவர். வெற்றிலை குதப்பிய வாயும் சங்கிலி போட்ட கடிகாரமுமாக இருப்பார். மூன்று பேரில் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், அவரை நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். கரி பிடித்த பால் டின்னில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னடா கையில?" என்றார் அப்பா.

"கடுதாசிப்பா. அக்கா பள்ளிக்கூடத்துலேர்ந்து."

"ஏய், வழி விடுங்கப்பா," என்றார் சித்தப்பா. "வக்கீலு வந்துட்டாரு. தீர்ப்பு படிக்கப் போறாரு."

பிரித்தேன். தட்டச்சில் அரைப் பக்கம். அக்கா பெயர் தெரிந்தது, அப்பா பெயர் தெரிந்தது. மற்றது ஒன்றும் ஏறவில்லை. ஐந்து பேரும் சோற்றை வாயில் வைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியல என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கில் அது வரவே இல்லை.

எங்கள் வகுப்பில் பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கடிதம் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பையன் மட்டம் போடுகிறான். அந்த வருடம் ஐந்து பேர் வீட்டுக்குப் போயிருந்தது. பள்ளிக்கூடம் கடிதம் எழுதுவதே அதற்குத்தான் என்று நினைத்திருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, காகிதத்தில் விரலை ஓட்டியபடி சொன்னேன்:

"அக்கா சரியா பள்ளிக்கூடம் வர்றதில்லையாம்பா. நிறைய நாள் மட்டமாம். உங்கள வந்து பாக்கச் சொல்றாங்க."

மண்டோர் தன் தூக்குச் சட்டியை மூடினார். ஓரத்தில் இருந்த ஒருவர் மட்டும், "காலையில பஸ் ஏறிப் போவுதே, அப்ப எங்கதான் போவுது?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டார்.

அப்பா கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். நாலாக மடித்து, தேத்தண்ணி டின்னுக்கு அடியில் நெருப்பில் செருகினார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கைகால்கூடக் கழுவவில்லை.

"நாளையிலேர்ந்து பள்ளிக்கூடம் கிடையாது. ஐசிய எடு."

ஐசி எதற்கு என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். பிள்ளை பள்ளிக்குப் போகாமல் எங்கோ போகிறாள் என்றால் யாரோ ஒருவன் இருக்கிறான். ஐசி இல்லாவிட்டால் பதிவுத் திருமணம் செய்ய முடியாது. அப்பாவுக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான்.

"நான் ஒரு நாளும் மட்டம் போடலப்பா. காய்ச்சல்லகூட போனேன். அம்மாவக் கேளுங்க."

"கடுதாசி பொய் சொல்லுமா? முத்திரை போட்டிருக்கு."

"குடுங்க, நான் பாக்குறேன்."

"எரிச்சாச்சு."

"யாரு படிச்சா?"

அப்பா மோவாயால் என்னைக் காட்டினார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். பின்கட்டுக்கு என்னை இழுத்துப் போய்க் கேட்டாள்.

"உண்மையிலே அப்படித்தான் எழுதியிருந்துச்சா?"

"ஆமா."

"சத்தியமா?"

"சத்தியமா."

பள்ளியில் ஏதோ பெயர் மாறிப்போய்விட்டது என்று அவள் நினைத்தாள். ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வா என்று அம்மாவிடம் கெஞ்சினாள். அம்மா தனியாகப் போகிற தூரம் மாரியம்மன் கோயில்வரைதான். அதற்கு அப்பால் இருக்கிற பள்ளிக்கூடத்தில் எந்தக் கதவைத் தட்டுவது, என்ன பாஷையில் கேட்பது? அந்தப் பேச்சு அதோடு போயிற்று. அக்கா புத்தகத்தை மட்டும் விடவில்லை. அம்மியில் மிளகாய் அரைத்தால் சரித்திரப் புத்தகம் தண்ணீர்க் குடத்தில் சாய்ந்து நிற்கும். பக்கம் திருப்பும்போது புறங்கையால் திருப்புவாள், மஞ்சள் படாமல்.

நாலு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் அவள் டீச்சர் வந்தார். தமிழ் மெதடிஸ்ட் அம்மா, கண்ணாடி போட்டிருப்பார். சின்னக் காரை லெவல் கிராஸிங்கில் நிறுத்திவிட்டு, ஜல்லியில் குதிகால் செருப்பு மடங்க மடங்க நடந்து வந்தார். குழாயடியில் நான்தான் இருந்தேன்.

"அக்கா இருக்காளா தம்பி?"

வீட்டுக்குப் பின்னால் அக்கா துணி அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. இந்த அம்மா உள்ளே போனால் நான் செத்தேன்.

"இல்ல டீச்சர். பந்திங் போயிருக்கு. சின்னம்மாவுக்கு முடியல."

"எப்ப வருவா?"

"தெரியல டீச்சர்."

பாருங்கள், அன்றைக்கு வராத வார்த்தை இப்போது எவ்வளவு சுலபமாக வருகிறது!

டீச்சர் முகம் வாடிவிட்டது. "அப்பாவுக்குக் கடிதம் போட்டோமே, அவர் வரவே இல்லையே. வகுப்புல உங்க அக்காதான் முதல். பரீட்சை முடிஞ்சதும் ஆறாம் பாரத்துக்கு அனுப்பணும்னு அவர்கிட்ட நேர்ல சொல்றதுக்குத்தான் வரச் சொன்னோம்." கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். "இது பரீட்சை நம்பர். இதையும் ஐசியையும் காட்டினாத்தான் உள்ளே விடுவாங்க. திங்கட்கிழமை, இன்னும் ஒன்பது நாள்தான். காலை எட்டரை. மறக்காம குடுத்துடு, என்ன?"

அவர் குடையை விரித்துக்கொண்டு போவதைப் பார்த்தபடி நின்றேன். என் காலுக்குக் கீழே தண்டவாளம் அதிர்கிற மாதிரி இருந்தது, வண்டி ஒன்றும் வரவில்லை.

சீட்டைக் கொடிக் கம்பின் மூங்கில் ஓட்டைக்குள் சுருட்டி வைத்தேன். துணி காயப்போட அப்போதெல்லாம் நீள மூங்கில் இருக்கும், நினைவிருக்கிறதா? அக்கா தினம் அந்த மூங்கிலில்தான் துணி கோத்தாள். அவள் கைக்கும் அந்தச் சீட்டுக்கும் ஒரு கணு இடைவெளி. ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பிறகு அந்த ஐந்து பேர் முகமும் வரும், சொல்லமாட்டேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை தொடங்கியது விடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் பாதை அரித்துப் போகாமல் காவல் பார்க்க அப்பாவையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா பக்கத்து வீட்டில். அக்கா நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். முறத்துக்குப் பக்கத்தில் புத்தகம் இல்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாகப் புத்தகம் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

போய்ச் சீட்டை எடுத்துவந்து நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கையைப் பாவாடையில் மூன்று தடவை துடைத்துக்கொண்ட பிறகுதான் சீட்டைத் தொட்டாள். அடிப்பாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அடிக்கவில்லை.

"அப்ப அந்தக் கடுதாசில என்னதான் எழுதியிருந்துச்சு?"

"நீதான் ஃபர்ஸ்டுன்னு."

அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே, "தெரியலன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா, மடப்பயலே," என்றாள். மூக்கைச் சிந்திவிட்டு, பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்: "ஐசி அப்பா சட்டைப் பையில இருக்கு. நான் போய் நின்னா நம்பமாட்டாரு. நீதான் போகணும். அவங்க எல்லாரும் இருக்கறப்பவே சொல்லணும்."

அதற்குள் இருட்டிவிட்டது. திங்கட்கிழமை வெளிச்சம் வந்ததும் கிளம்பினேன். கீழே சாலை தெரியவில்லை, ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மிதந்து போன ஒரு கோழிக்கூண்டின்மேல் சேவல் நின்று கூவியது. மேட்டில் தண்டவாளம் மட்டும் நனைந்து மின்னியது. சிலிப்பர் கட்டைமேல் கால் வைத்துக் கால் வைத்து ஓடினேன். இரண்டு மைலுக்கு மேல் இருக்கும். மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டு ஐந்து பேரும் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக் குந்தியிருந்தார்கள். பக்கத்தில் பாதைமேல் கேங் டிராலி. நாலு இரும்புச் சக்கரம், மேலே பலகை, ஒரு பிரேக் கட்டை. ஆள் தள்ளினால் ஓடும்.

"என்னா வக்கீலு," என்றார் சித்தப்பா, "வெள்ளத்துக்குத் தடையுத்தரவு கொண்டாந்தியா?"

நான் அப்பா முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, அன்னைக்கு நான் படிக்கல."

"என்னத்தப் படிக்கல?"

"கடுதாசிய. எனக்குப் படிக்கத் தெரியல. நானா சொன்னேன். அக்காதான் வகுப்புலயே முதலாம், அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டாங்களாம். மட்டமே போடல. இன்னைக்கு எட்டரைக்குப் பரீட்சை."

அடி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. ஜல்லிமேல் கிடந்தேன். முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். 'எங்கதான் போவுது' என்று கேட்டவர் தலையில் இருந்த சாக்கை எடுத்துவிட்டு மழையில் நின்றார்.

அப்பா சட்டைப் பையைத் துழாவினார். ஐசி பிளாஸ்டிக் தாளில் சுற்றி இருந்தது. தாளைப் பிரிக்கப் போனார். பிரிக்காமலேயே திரும்பிப் பார்த்தார், டிராலியை.

மண்டோர் சங்கிலியை இழுத்துக் கடிகாரம் பார்த்தார். "ஏழாகப் போவுது. ரோட்டுல தண்ணி, பஸ் ஏது? ஏய், அதைப் பாக்காத. வெளியாள ஏத்தினா என் வேலை போயிரும்."

மண்டோர் வெற்றிலையைத் துப்பினார்.

"தண்ணி மட்டம் பாக்க நான் கிள்ளான்வரைக்கும் போறேன். எவன் தள்றான், யாரு ஏறுறா, எங்க இறங்குறான்னு திரும்பிப் பாக்க முடியாது. எனக்குக் கழுத்து வலி." பிறகு என்னைப் பார்த்து, "எந்திரிடா. சிவப்புக் கொடியப் பிடி."

கேங் வீட்டு வாசலில் அக்கா நின்றாள். ஐசி வருமா வராதா என்று தெரியாமலேயே சீருடை போட்டு, சடை பின்னி, காலணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அப்பா ஐசியைத் தலைத்துண்டில் துடைத்துக் கொடுத்தார். அம்மா ஓடிவந்து குடையைக் கொடுத்தாள். அக்கா பலகையில் மண்டோருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள்.

அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு தண்டவாளத்தில் வெறுங்காலோடு ஏறி ஓடினார்கள். ஈரத் தண்டவாளம், நாலு விரல் அகலம். வேகம் பிடித்ததும் தாவி ஏறிக்கொள்வார்கள், வேகம் குறைந்ததும் குதித்துத் தள்ளுவார்கள். களைத்தால் மற்ற இருவர் மாறிக்கொள்வார்கள். அப்பா மட்டும் மாறவே இல்லை. நான் முன்னால் கொடியைப் பிடித்துக்கொண்டு, வழியில் குறுக்கே நின்ற ஆட்டையெல்லாம் விரட்டினேன். பாதி வழியில் எதிரே சரக்கு வண்டி ஊதியது. எல்லாரும் சேர்ந்து டிராலியைத் தூக்கி ஓரத்தில் வைத்தோம். வண்டி முடியவே மாட்டேன் என்றது. நாற்பது பெட்டி இருக்கும். மண்டோர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அப்பா வண்டியைப் பார்க்கிறார், அக்கா குடைக்குக் கீழே நின்று பக்கம் திருப்புகிறாள். அந்தத் தைரியத்தை எந்த நடிகையாலும் காட்ட முடியாது. அவள் ஜெயித்தது அந்த இடத்தில்தான், நான் சொல்கிறேன்.

ஸ்டேஷனுக்கு முன்னாலேயே நிறுத்தினோம், ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணில் படக்கூடாதே. பாதைக்குக் கீழே பள்ளியின் முள்வேலி. அப்பா ஒரு கம்பியைக் காலால் மிதித்து, மேல் கம்பியைக் கையால் தூக்கிப் பிடித்தார். அக்கா குனிந்து நுழைந்தாள். தாழ்வாரத்தில் டீச்சர் எழுந்து வருவது தெரிந்தது. அப்பா வேலிக்கு இந்தப் பக்கமே நின்று, "டீச்சரம்மா, நேரம் ஆயிருச்சுங்களா?" என்று கத்தினார். இல்லை என்று அந்த அம்மா கையை ஆட்டினார். மணி அடிக்கிறவரை அப்பா கம்பியை விடவில்லை. அவள் உள்ளே போய் வெகுநேரம் ஆகியும் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மண்டோர் கடைசிவரை ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா பாஸானாள், ஆறாம் பாரம் போனாள், ஆசிரியையாகி, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றாள். அப்பா அவளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. சாகும்வரை தன் ஐசியை அவளிடம்தான் கொடுத்து வைத்திருந்தார். என்னிடம், "படிக்காத கடுதாசியப் படிக்கிறவனுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு?" என்று சொல்லி வருடக் கடைசியில் ஒரு கேட் பட்டறையில் சேர்த்துவிட்டார். தண்டனை என்று அவர் நினைத்தார், விடுதலை என்று நான் நினைத்தேன். இரண்டு பேரும் தப்பு. படிக்கத் தெரியாமல் பொய் சொன்ன பையனுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். அது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் மகளும் இருந்தாள்.

"என்னை ஏன் வேணாம்னே?"

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். "உன்னக் காட்டணும்னா கடுதாசியையும் காட்டணும்டா. உன் பேரப்புள்ளைங்க பாக்குமே."

"அதுக்காக அப்பா கையில பெல்ட்டக் குடுப்பியா? அவர் பெல்ட்டே போட்டதில்ல, கயிறுதான் கட்டுவாரு."

கழற்றிய கண்ணாடியை முந்தானையில் துடைத்தாள். "அது தப்புதான்," என்றாள் பிறகு.

"என்ன கடுதாசி?" என்றாள் மகள்.

சொன்னேன். இங்கே எழுதியதை எல்லாம் சொன்னேன். அவள் கையிலிருந்த காப்பி ஆறி ஏடு கட்டியது. "மாமா, எடிட் இன்னும் முடிக்கல," என்றாள். "கடைசி மட்டும் திரும்ப எடுக்கலாம். ஆனா அந்த டிராலி இப்ப எங்க கிடைக்கும்?"

"கிடைக்காது. நான் செஞ்சு தர்றேன்."

பட்டறையில் நாலு சக்கரம் கடைந்து முடித்தாகிவிட்டது, பலகை வேலை நடக்கிறது. டிராலி செய்தவர் என்று உங்கள் பெயரைப் போடுகிறேன் மாமா என்று நேற்று போனில் சொன்னாள். அது எனக்குப் போதாது. அவள் இதைப் படிப்பாள் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அம்மா, விஷயம் அச்சில் வந்துவிட்டது, இனி உன் தாய் எனக்காக எதையும் மறைக்க வேண்டாம். கடைசியில் எழுத்து ஓடும்போது என் பெயர் வர வேண்டும். நன்றி என்று போட்டு நூறு பேரோடு சேர்க்காதே. தமிழில், பெரிய எழுத்தில், என் அப்பா பெயரோடு போடு. கடிதத்தைப் பொய்யாகப் படித்த தம்பி என்று ஒரு வரி. ஓடிப்போய் உண்மையைச் சொன்ன தம்பி என்று அடுத்த வரி. இரண்டும் ஒரே ஆள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் போடுவதாக இருந்தால், என் பெயரே வேண்டாம்.